செலஸ்டினாவின் ஆறு பாட்டும் என் லினக்ஸும்

புதன்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு செலஸ்டினா மாடிப்படி ஏறி வந்தபோது, என் கம்ப்யூட்டர் திரையில் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்துகள் மளமளவென்று ஓடிக்கொண்டிருந்தன. நான் நாற்காலி நுனியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கழுத்தில் வெள்ளைப் பருத்தித் துண்டு ஒன்றைச் சுற்றியிருந்தாள். கையில் ஒரு நோட்டு. புன்னக்காயலில் முதல் பஸ் பிடித்து, நடுவில் ஒரு தடவை மாறி, பாளையங்கோட்டை வந்து சேர்ந்திருந்தாள்.

“யக்கா, மிஷினு சரியா இருக்கா?”

“இருக்கு பிள்ள. நீ மொதல்ல உக்காரு.”

நான் சொன்னது பொய். மிஷின் சரியாக இருக்கிறதா என்று எனக்கே தெரியாது. அதற்குள் இருந்த எல்லாமே முந்தின நாள்தான் உள்ளே போனவை.

அவளுக்கு அந்த ஒரு நாள்தான் இருந்தது. வியாழக்கிழமை மதுரைக்குப் போகிறாள். வெள்ளிக்கிழமை காலை கழுத்தில் ஆபரேஷன். தைராய்டு கட்டி. கெட்ட கட்டி இல்லை, ஆனால் வளர்ந்துகொண்டே போகிறது, எடுத்துத்தான் ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கூடவே இன்னொன்றும் சொல்லியிருந்தார். குரலுக்குப் போகிற நரம்பு அந்தக் கட்டியை ஒட்டியே ஓடுகிறது. படாமல்தான் எடுப்பார்கள். ஆனாலும் குரல் மாறிப்போகலாம்.

செலஸ்டினா அங்கன்வாடியில் வேலை பார்க்கிறவள். பிள்ளைகளுக்காக அவளே கட்டிய பாட்டுகள் ஆறு. நண்டைப் பற்றி ஒன்று, உப்பளத்தைப் பற்றி ஒன்று, மாதாவுக்கு ஒன்று, தூங்க வைக்க ஒன்று, எண்ணப் பழக ஒன்று, தாமிரபரணி கடலுக்கு வந்து சேருவதைப் பற்றி ஒன்று. வார்த்தைகள் நோட்டில் இருந்தன. மெட்டு அவள் தொண்டையில் மட்டும்தான் இருந்தது.

ஆபரேஷன் செய்தியை அவள் போனில் சொன்ன அன்று, “நீ பாடு, நான் மெட்ட எழுதி வச்சிருதேன், அது எங்கயும் போவாது” என்று பெரிய மனுஷி போலச் சொல்லிவிட்டேன்.

“மெட்ட எழுதிப்பிடுவிய. என் கொரல எங்கன எழுதி வைப்பிய?” என்று கேட்டாள்.

புதன்கிழமை வா, பதிவு செய்துவிடலாம் என்றேன்.

ஜில்லாவுக்கே ஒரு சொந்தக்காரர்

ஸ்டுடியோ என்பது பெரிய வார்த்தை. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டாக இருந்து, பிறகு கல்யாணப் பத்திரிகை டைப் அடித்துக் கொடுக்கிற கடையாக இருந்து, இப்போது சுவரெல்லாம் பத்தமடைப் பாய் அறைந்திருக்கிற ஒரு மாடி அறை அது. பெயர் பெற்ற பட்டுப்பாய் என்று நினைக்க வேண்டாம். ஓரம் பிசகி, விற்காமல் கிடந்த சாதாரணப் பாய்கள். அறையில் சத்தம் எதிரொலிக்காமல் இருக்க அவை போதும்.

ஆலயப் பாடகர் குழு, பள்ளிக்கூட ஆண்டுவிழா, ஆட்டோவில் கட்டுகிற ஜவுளிக்கடை விளம்பரம் என்று எது வந்தாலும் பதிவு செய்வேன். எங்கள் ஆலயக் குழுவில் நான் இருபத்தைந்து வருஷமாக ஆல்ட்டோ என்கிற பெண்களின் கீழ்க்குரல் பாடுகிறவள். அந்த ஆசைதான் என்னைப் பத்திரிகைக் கடையிலிருந்து இங்கே இழுத்துக்கொண்டு வந்தது.

இந்த வட்டாரத்தில் என்னைப் போல மாடியில் கடை போட்ட எல்லோரும் ஒரே சிடியின் வயிற்றில் பிறந்தவர்கள். பூட்டு உடைத்த சாஃப்ட்வேர். யார் முதலில் கொண்டுவந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. அதைத் திறந்தால், ‘இது இன்னாருக்கு உரிமையானது’ என்று மூலையில் ஒரு வெள்ளைக்காரர் பெயர் வரும். வீரவநல்லூரில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போனேன், அங்கேயும் அதே பெயர். ஏரலில் ஒரு ஸ்டுடியோ, அங்கேயும் அவரே. எங்கள் பழைய ஜில்லாவின் பாட்டுக் கடைகளுக்கெல்லாம் ஏகபோகச் சொந்தக்காரர் அந்த மனுஷன்தான். அவர் யார் என்று இன்றுவரை தெரியாது. எங்கே இருந்தாலும் எங்களை மன்னிக்கட்டும்.

அந்தச் சரக்கை வைத்துத்தான் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்காகப் பத்துக் கட்டளைகளையும் பாட்டாகப் பதிவு செய்தேன். களவு கூடாது என்கிற எட்டாம் கட்டளைக்கு மட்டும் தனியாக வயலின் வைத்தேன். வயலின் சுருதி சேரவில்லை என்பதுதான் அப்போது மனசை உறுத்தியதே தவிர, வேறு எதுவும் உறுத்தவில்லை.

செலஸ்டினா வருவதற்கு இரண்டு நாள் முன்பு, திங்கட்கிழமை காலை, கம்ப்யூட்டர் தன்பாட்டுக்கு என்னவோ புதுப்பித்துக்கொண்டது. பாட்டு சாஃப்ட்வேரைத் திறந்தேன். உங்கள் உரிமம் செல்லாது என்று ஒரு கட்டம் வந்தது. சரி என்று அழுத்தினேன். மூடிக்கொண்டது. மறுபடி திறந்தேன். மறுபடி மூடிக்கொண்டது. மத்தியானம் வரை நானும் அதுவும் இதையே செய்துகொண்டிருந்தோம்.

கள்ளச் சரக்குக்கு யாரிடம் போய்ப் புகார் கொடுப்பது? வாய்விட்டுக்கூடச் சொல்ல முடியவில்லை.

பூட்டே இல்லாத வீடு

பேட்டையில், தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில், மீரானுக்கு ஒரு பட்டறை இருக்கிறது. ஆம்ப்ளிஃபயர், மிக்ஸர், ஸ்பீக்கர் எல்லாம் பழுது பார்ப்பான். என்னைவிடப் பதினைந்து வயது இளையவன். ஒரு பாட்டு பாடத் தெரியாது, ஒரு வாத்தியம் தொடத் தெரியாது. ஆனால் எந்த வாத்தியம் எங்கே இரைகிறது என்று ஐந்து நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவான்.

“அக்கா, பூட்ட ஒடைக்க ஆளு தேடுதிய. பூட்டே இல்லாத வீடு ஒண்ணு இருக்குன்னு நான் எத்தன வருசமா சொல்லுதேன்” என்றான் போனில்.

“பூட்டு இல்லாத வீட்ல என்ன இருக்கும், சொல்லு.”

“எல்லாம் இருக்கு. நீங்கதான் தூத்துத் தொடச்சு வச்சுக்கிடணும்.”

அவன் சொன்னது லினக்ஸை. யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று திறந்து பார்க்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். அதில் இசைப் பதிவுக்கென்றே ஆக்கி வைத்த வகை ஒன்று உண்டு என்று பல தடவை சொல்லியிருக்கிறான். அதெல்லாம் என்ஜினீயர் பிள்ளைகளுக்கு என்று நான் காதில் வாங்கியதே இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஒரு பென் டிரைவோடு வந்தான். முக்கால் மணி நேரத்தில் பழையதை இறக்கிப் புதியதை ஏற்றிவிட்டான். “இப்ப உங்க கடவுச்சொல்ல அடிங்க” என்றான்.

அடித்தேன். திரையில் ஒன்றும் விழவில்லை. மறுபடி அடித்தேன். ஒரு புள்ளி இல்லை, ஒரு நட்சத்திரம் இல்லை.

“கீபோர்டு செத்துப்போச்சு மீரான்.”

“இல்லக்கா. அது காட்டாது. எத்தன எழுத்துன்னு அடுத்தவன் எண்ணிரக் கூடாதுல்லா.”

டைப்ரைட்டிங்கில் ஹையர் கிரேடு முடித்து, முப்பது வருஷம் விரலால் பிழைத்தவள் நான். அடித்த எழுத்து தெரியாமல் அடிப்பது எனக்கு ஒரு அவமானமாகவே இருந்தது. மூன்றாம் தடவை கண்ணை மூடிக்கொண்டு அடித்தேன். உள்ளே விட்டது.

யார் செய்து வைத்தது?

அன்று முழுக்க நான் சாப்பிட மறந்தேன். வீட்டுக்காரர் இரண்டு தடவை கீழேயிருந்து கூப்பிட்டுவிட்டு, தானே போட்டுச் சாப்பிட்டார்.

கம்ப்யூட்டர் சாதாரணமாக எல்லா வேலையையும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பார்க்குமாம். பாட்டு பதிவாகிக்கொண்டிருக்கும்போதே வேறு எதையோ கவனிக்கப் போய்விடும். அந்தக் கணத்தில் பாட்டில் ஒரு ‘டிக்’ விழும். இந்த வகை லினக்ஸ், ஆம்புலன்சுக்கு ஒதுங்குவது மாதிரி, மற்ற வேலைகளை ஓரம்கட்டிப் பாட்டுக்கு வழி விடுகிறது. எத்தனை தடவை வழி தவறியது என்பதை ஓர் எண்ணாகக் காட்டவும் செய்கிறது. தன் தப்பைத் தானே எண்ணிக் காட்டுகிற மிஷினை நான் அதுவரை பார்த்ததில்லை.

பாடுகிறவர் குரல் அவர் காதுக்குத் திரும்பி வர எடுக்கும் தாமதத்தை நாமே கூட்டலாம், குறைக்கலாம். ரொம்பக் குறைத்தால் கரகரக்கிறது. ரொம்பக் கூட்டினால் நம் குரலே நமக்குப் பின்னால் நடந்து வருகிறது. நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஹலோ ஹலோ என்று சொல்லிச் சொல்லி, எங்கே நிறுத்தலாம் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இன்னொரு கட்டத்தில், மைக்கிலிருந்து எங்கே போகிறது, எங்கேயிருந்து ஸ்பீக்கருக்கு வருகிறது என்பதெல்லாம் வயர் வயராகப் படம் போட்டுக் காட்டியது. பிடித்து இழுத்து வேறு இடத்தில் செருகலாம். பழைய சாஃப்ட்வேரில் பத்து வருஷம் வேலை பார்த்திருக்கிறேன். சத்தம் எந்த வழியாகப் போகிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. பூட்டிய வீட்டில் கேள்வி கேட்கவும் தோன்றாது போல.

“இதெல்லாம் யாரு செஞ்சது?” என்று கேட்டேன்.

மீரான் ஒரு பட்டியலைத் திறந்து காட்டினான். பெயர்கள். கீழே தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தன. எல்லா தேசத்துப் பெயரும் இருந்தது. மொழிபெயர்த்தவர்கள் என்ற தலைப்பில் இரண்டு மூன்று தமிழ்ப் பெயர்களும் இருந்தன. மெனுவில் ‘சேமி’ என்றும் ‘வெளியேறு’ என்றும் பாதிக்குப் பாதி தமிழில் வந்தது அவர்கள் புண்ணியம்.

“சம்பளம்?”

“நெறைய பேருக்கு இல்லக்கா.”

எனக்கு அந்த வெள்ளைக்காரர் ஞாபகம் வந்தது. அங்கே ஒரே பெயர், அதுவும் திருடப்பட்ட பெயர். இங்கே இத்தனை பேர் இருந்தும் ‘இது எனக்கு உரிமையானது’ என்று ஒருவரும் எழுதிக்கொள்ளவில்லை. ரொம்ப நேரம் அந்தப் பட்டியலை வாசித்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் ஒரு சிக்கல். என் பழைய மிக்ஸரில் இரைச்சல். சபைப் போதகரான ஐயரவர்களிடம் கேட்டு, ஆலயத்து டிஜிட்டல் மிக்ஸரை ஞாயிறு ஆராதனை வரைக்கும் வாங்கி வந்தேன். மீரான் அதைக் கண்ணாடி இழை ஒயரில் கம்ப்யூட்டரோடு இணைத்தான். அவன் மேஜைக்கு அடியில் ஒயரைச் செருகிக்கொண்டிருந்தபோது, திரை என்னிடம் ஒரு எண் கேட்டது. 44,100 ஒன்று, 48,000 ஒன்று. சிடி போட்ட காலத்திலிருந்து என் கை போகிற எண் 44,100. அதை அழுத்தினேன்.

பழைய சாஃப்ட்வேராக இருந்தால் நிச்சயம்தானா என்று இரண்டு தடவை கேட்டிருக்கும். இது மறுபேச்சு இல்லாமல் ஏற்றுக்கொண்டது. எவ்வளவு மரியாதை தெரிந்த மிஷின் என்று நினைத்துக்கொண்டேன்.

ஃபேன் இல்லாத அறை

புதன்கிழமைக்கு வருகிறேன். ஓடிக்கொண்டிருந்த வெள்ளை எழுத்துகள் நின்று, படம் வந்தது. எனக்கு மூச்சு வந்தது. ஃபேனை நிறுத்தினேன், ஜன்னலைச் சாத்தினேன். பாய் வாசனையும் புழுக்கமும் சேர்ந்து அறை ஒரு பெட்டி மாதிரி ஆனது.

ஏன் புது மிஷின் என்று செலஸ்டினா கேட்டாள். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். எட்டாம் கட்டளைக்கு வயலின் வைத்த கதையையும் சொன்னேன்.

“எட்டா? களவு செய்யக் கூடாதுங்கது ஏழாங் கட்டளல்லாக்கா?”

நாங்கள் சீர்திருத்தச் சபைக்காரர்கள், அவர்கள் கத்தோலிக்கர்கள். கட்டளை ஒன்றுதான் என்றாலும் எண்ணிக்கை வேறு. அது எனக்கு அன்றுதான் தெரியும். ஏழோ எட்டோ, அகப்பட்டுக்கொண்டது நான்தான் என்றேன். அவள் சிரித்தாள். சிரித்ததும் கை தானாகக் கழுத்துக்குப் போனது.

பிறகு பாடினாள்.

அவள் குரலை எப்படிச் சொல்வது? பயிற்சி பெற்ற குரல் இல்லை. இருபது பிள்ளைகளின் கூச்சலுக்கு மேலே ஏற வேண்டியிருந்ததால் உயரத்தில் பழகிய குரல். மேலே போனால் மெலியாது, இன்னும் திறக்கும். ஆற்றுப் பாட்டில், ஆறு கடலைப் பார்க்கிற இடத்தில், ஒரு உச்சி உண்டு. அங்கே போய் அவள் நின்றபோது நான் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவளையே பார்த்தேன். நாளன்றைக்கு இது இருக்குமோ என்னவோ.

இரண்டு மணிக்குள் ஆறு பாட்டும் முடிந்தன. வழி தவறியதை எண்ணுகிற எண் பூஜ்யத்தில் நின்றது. அறை ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினேன். அவள் துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

“நானாக்கா இப்பிடிப் பாடுதேன்?”

“நீதான் பிள்ள.”

“சரி. இது போதும். நான் இனி தைரியமா போவேன்” என்றாள்.

டோ எங்கே வைத்தாலும் டோ

வியாழக்கிழமை ஆறு பாட்டையும் சுத்தம் செய்து, பாட்டு ஒன்றாகக் கோப்பாக்கி, அடுக்களையில் நின்று போனில் ஒரு தடவை கேட்டேன். நன்றாக இருந்தது. கொஞ்சம் நிதானமாக ஓடுகிற மாதிரிப் பட்டது. பாவம், அசதி, நேற்று கவனிக்கவில்லை என்று நினைத்தேன். செலஸ்டினாவின் போனுக்கும், ஊரில் பெரியம்மா வீட்டில் இருந்த அவள் மகள் ரீத்தாவுக்கும் அனுப்பினேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஆலயக் குழுக்களில் டோ, ரே, மீ என்று எழுத்தில் எழுதிய இசையைத்தான் பாடிப் பழகுவோம். குழுத்தலைவர் டோ எது என்று காட்டுவார். மற்றதெல்லாம் அதிலிருந்து எவ்வளவு தூரம் என்பதுதான் கணக்கு. டோவை எங்கே வைத்தாலும் டோதான். மழைநாளில் ஆட்கள் தொண்டை கட்டிக்கொண்டு வந்தால் அவர் டோவைக் கீழே இறக்கி வைப்பார். நாங்களும் இறங்கி உட்கார்ந்து பாடுவோம். இருபத்தைந்து வருஷம் இப்படிப் பழகிய காதுக்குத் தூரம் தெரியும், இடம் தெரியாது.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குச் செலஸ்டினாவை ஆபரேஷன் அறைக்குள் கொண்டுபோய்விட்டார்கள் என்று அவள் வீட்டுக்காரர் சொன்னார். ஒன்பது மணிக்கு ரீத்தாவிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. ஆறாம் வகுப்புப் பிள்ளை.

“ஆன்ட்டி, இந்தப் பாட்டுல பாடுதது எங்க அம்மா இல்ல. வேற யாரையோ மாத்தி அனுப்பிட்டிய.”

மறுபடி போட்டுக் கேட்டேன். இந்த முறை தூரத்தைக் கேட்கவில்லை, ஆளைக் கேட்டேன். பிள்ளை சொன்னது சரி. இது கனத்த, தூக்கம் கலையாத, வேறு ஒரு பெண். உச்சியில் திறப்பதற்குப் பதிலாக முனகியது.

திரும்பப் பாடச் சொல்ல முடியாது. அந்த நேரத்தில்தான் மதுரையில் அந்தக் கழுத்தில் கத்தி வைத்துக்கொண்டிருப்பார்கள். நான் தைரியம் கொடுத்து அனுப்பிய ஒரே பொருளை நானே கெடுத்து வைத்திருக்கிறேன்.

நாலு நிமிஷமும் இருபத்தொரு செகண்டும்

பென் டிரைவை எடுத்துக்கொண்டு ஆட்டோவில் பேட்டைக்குப் போனேன். ஆற்றுப் பாலத்தில் நெரிசல். இறங்கி ஓடிவிடலாமா என்று இருந்தது.

மீரான் பட்டறையில் போட்டான். அதே கனத்த குரல்.

“என் ரூம்ல சரியா கேட்டுச்சு மீரான். அவளே கேட்டா.”

“இப்பவும் அங்கன சரியாத்தான் கேக்குமோ?” என்று யோசித்தான். “அண்ணாச்சிக்குப் போன் போடுங்க. ஆத்துப் பாட்ட அங்கன ஓட விட்டு நேரம் பாக்கச் சொல்லுங்க.”

என் வீட்டுக்காரர் பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவர். நேரம் பார்க்கச் சொன்னால் அதை ஒரு உத்தியோகமாகச் செய்வார். பாட்டை ஓடவிட்டு, கேட்டுவிட்டு, திரும்ப அழைத்தார்.

“சரியா நாலு நிமிஷம். நல்லாத்தான பாடுதா? என்ன கொறச்சல்?”

இங்கே மீரான் தன் போனில் நேரம் பார்த்தான். நாலு நிமிஷம், இருபத்தொரு செகண்டு.

ஒரே பாட்டு, ஒரே கோப்பு. அங்கே ஒரு நீளம், இங்கே ஒரு நீளம். எனக்குப் பயம் ஒரு ஓரமாக ஒதுங்கி, அதெப்படி என்ற கேள்வி முன்னால் வந்து நின்றது. மீரான் இரண்டையும் செகண்டாக்கி, இருநூற்று அறுபத்தொன்றை இருநூற்று நாற்பதால் வகுத்துச் சாக்பீஸால் சுவரில் எழுதினான். அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு பைய என் பக்கம் திரும்பினான்.

“அக்கா, செவ்வாக்கெழம நம்பர் எத வச்சிய?”

“நாப்பத்தி நாலாயிரத்து நூறு. எப்பவும் அதான வைப்பேன்?”

அவன் நாற்பத்தெட்டாயிரத்தை நாற்பத்து நாலாயிரத்து நூறால் வகுத்துக் கீழே எழுதினான். இரண்டு விடையும் ஏறக்குறைய ஒன்றுதான்.

அவன் சொன்னதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். கம்ப்யூட்டர் சத்தத்தைத் துண்டு துண்டாக நறுக்கித்தான் வைக்கும். ஆலயத்து மிக்ஸர் ஒரு செகண்டை நாற்பத்தெட்டாயிரம் துண்டாக நறுக்கிக் கொடுத்தது. நான் டப்பாவின் மேல் நாற்பத்து நாலாயிரத்து நூறு என்று சீட்டு ஒட்டினேன். என் அறையில் திருப்பிப் போடும்போதும் வேகத்தைச் சொல்வது அதே மிக்ஸர்தான், அதனால் சரியாகக் கேட்டது. போனுக்கு மிக்ஸரைத் தெரியாது. அது சீட்டைப் படித்து, அந்த வேகத்தில் பாடியது. பாட்டு நீண்டது, குரல் சுருதியில் கிட்டத்தட்ட முக்கால் கட்டை கீழே இறங்கியது.

“அப்ப குரல் கெட்டுப்போகலையா?”

“ஒரு துண்டுகூடப் போகலக்கா. சீட்டுதான் தப்பு.”

கறுப்புத் திரையைத் திறந்து ஒரே ஒரு வரி அடித்தான். சீட்டில் எண் மாறியது. பாட்டைப் போட்டான். ஆறு கடலைப் பார்த்தது. செலஸ்டினா உச்சியில் போய்த் திறந்தாள்.

நான் அந்தப் பட்டறையில், சால்டரிங் புகைக்கு நடுவில், ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். “அல்ஹம்துலில்லா” என்றான் மீரான். “அந்த நம்பர நான் பாத்திருக்கணும்” என்று தனக்குள் சொல்லிக்கொண்டு டீ வாங்கப் போனான்.

சரியான ஆறு பாட்டையும் அங்கிருந்தே அனுப்பினேன். முந்தினதை அழித்துவிடும்படி ரீத்தாவிடமும், மதுரையில் போனை வைத்திருந்த அவள் அப்பாவிடமும் சொன்னேன். அழித்துவிட்டார்கள். நானும் என்னிடம் இருந்ததை, கண்ணில் படக் கூடாது என்று, முதல் வேலையாக அழித்தேன்.

“இதுதான் அம்மா” என்று ரீத்தா செய்தி அனுப்பினாள்.

முக்கால் கட்டை கீழே

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டி போனது. நரம்பு சோர்ந்துபோயிருக்கிறது, நாளாகும் என்றார்கள். முதல் மாதம் அவளிடமிருந்து காற்றுதான் வந்தது. அப்புறம் பயிற்சி. நான்கு மாதம் கழித்து ஒரு நாள் பதினொரு மணிக்கு மாடிப்படியில் ஆள் சத்தம். செலஸ்டினா. கழுத்தில் துண்டு இல்லை, மெல்லிய ஒரு கோடு மட்டும்.

“எப்டி இருக்கியக்கா?”

குரல் கீழே இருந்தது. கொஞ்சம் உரசல். நான் முகத்தில் எதையும் காட்டாமல் இருக்கப் பார்த்தேன். அவள் அதையும் கவனித்தாள்.

“யக்கா, மொதல்ல அனுப்புனியள்லா, அந்தப் பாட்டு, அத வச்சிருக்கியளா?”

“அது தப்பு பிள்ள. என் தப்பு. அன்னைக்கே அழிச்சிட்டேன்.”

“ரீத்தா சொன்னா. ஆஸ்பத்திரியில மொத நாளு அதத்தான் கேட்டுக்கிட்டுக் கெடந்தேன். தப்புன்னு தெரியல. ரெக்கார்டு பண்ணுனா கொரலு கனமா இருக்கும்போலன்னு நெனச்சுக்கிட்டேன்.”

சொல்லிவிட்டுக் கையிலிருந்த பாட்டு நோட்டைப் புரட்டினாள்.

“சரியா அனுப்புனியள்லா, அதத் தெனமும் போடுதேன். கூடப் பாடப் பாக்கேன். முடியல. அவ மேல போயிருதா, நான் கீழயே நிக்கேன். இது எதுக்குன்னு ஒரு நா போன அணச்சு வச்சிட்டேன். அந்தத் தப்புப் பாட்டு இருந்தா, நான் அவகூடப் பாடிருவேன்னு தோணுது.”

அவ, அவ என்று அவள் சொன்னது தன் பழைய குரலை. கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினேன்.

அழித்ததைத் தேட வேண்டியதில்லை. ஒரு சீட்டுதானே. ஆலயத்து மிக்ஸர் எப்போதோ திரும்பிப் போய்விட்டதால், இப்போது என் அறையும் சீட்டைப் படித்துத்தான் பாடும். இந்த நான்கு மாதத்தில் எனக்கும் கறுப்புத் திரை பழகியிருந்தது. மீரான் அடித்த அதே வரியை, எண்ணை மட்டும் தெரிந்தே தப்பாக மாற்றி, நானே அடித்தேன். ஏன், எதற்கு, நிச்சயமா என்று மிஷின் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு அழுகை வந்திருக்கும்.

ஃபேனை நிறுத்தினேன். ஆற்றுப் பாட்டைப் போட்டேன்.

முதல் அடி அவள் பாடவில்லை, உதட்டை மட்டும் அசைத்தாள். இரண்டாம் அடியில் சேர்ந்துகொண்டாள். ஒரு இடத்தில் வழுக்கியது. விட்டுப் பிடித்தாள். கனத்த பழைய குரலும் உரசுகிற புதிய குரலும் பக்கத்துப் பக்கத்தில் போயின. உச்சி வந்தது. இப்போது அது அவ்வளவு உயரத்தில் இல்லை. இரண்டு பேரும் அங்கே போய்ச் சேர்ந்தார்கள்.

சரணத்துக்கு நடுவில் அவள் என்னைப் பார்த்து, “அவளப் பைய கொறைங்கக்கா” என்றாள்.

குறைத்தேன். இரண்டாவது சரணத்தில் பழைய குரல் பாதியானது. மூன்றாவது சரணத்தில் நான் காது கொடுத்துத் தேட வேண்டியிருந்தது. நான்காவது சரணம் தொடங்கும்போது முழுவதும் இறக்கிவிட்டேன். செலஸ்டினா நிறுத்தவில்லை.